முதலாவதாய் வந்த மீன்

அந்த மெஷினை எங்களுக்குத் தானம் தந்தவர்களை வழியில் கண்டால் முதலில் கைகூப்பிக் கும்பிடுவேன். அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்பதை எழுத்தில் வைப்பது எனக்கு நல்லதல்ல.

சண்டை முடிந்து, சனங்கள் தறப்பாள் கொட்டிலில் இருந்து தகரக் கொட்டிலுக்கு உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. மன்னார்த் தீவின் கரையில் வெளிநாட்டுக்குச் சூரை மீன் அனுப்பும் கம்பனி ஒன்று வந்து கொட்டகை போட்டது. சூரையில் ஒரு வில்லங்கம் உண்டு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு அதில் ஊறும். எவ்வளவு சமைத்தாலும் போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும். ஆகவே மீனை வாங்க முன்னர் அளக்க ஓர் ஆய்வுகூடம் வேண்டும். ஆய்வுகூடத்துக்கு மெஷின் வேண்டும். மெஷினுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன், சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடிக்கலாம். வெள்ளாங்குளத்தில் இருந்து சிறுவயதில் படகேறி, தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, சென்னையில் ஒரு மருந்துக் கம்பனியில் கண்ணாடிக் குடுவை கழுவப் போனவன் நான். கழுவிய குடுவைகளை விட உடைத்தவை அதிகம் என்பதால், உடைக்கக் கஷ்டமான இரும்பு மெஷின் பக்கம் என்னை மாற்றினார்கள். மருந்தை அளக்கிற அந்த மெஷினை ஓட்ட அங்கே பழகினேன். ஊருக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இருக்கவில்லை, காணியில் கிணறு தூர்ந்து கிடந்தது, என்னிடம் இருந்தது இந்த ஒரு வித்தைதான். மன்னாரில் இதைக் கேட்பார் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். கேட்டார்கள். அதுதான் என் கெட்ட காலம்.

மெஷின் கொழும்பில் இருந்து லொறியில் வந்தது. ஒரு பெரிய ஆய்வுகூடம் தனக்குப் புதிது வாங்கியதும் பழையதை வடக்கின் மீட்சிக்காக என்று அன்பளிப்புச் செய்திருந்தது. மாலை போட்டார்கள். விளக்கேற்றினார்கள். சுவரில் பித்தளைப் பலகை பதித்தார்கள். பலகை மட்டும்தான் புதிது. மெஷினின் முதுகில் "பாவனைக்கு உதவாது" என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த கடதாசியை யாரோ சுரண்டியிருந்தார்கள், அதையும் முழுதாகச் சுரண்டவில்லை. வெளியே கழுதைகள் இரண்டு மெஷின் வந்த மட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தன. அந்த விழாவில் ஏதும் பிரயோசனம் அடைந்தவை அவை இரண்டும்தான்.

மெஷினின் வேலையை எங்கள் ஆட்களுக்கு நான் மடு மாதா கோயிலுக்கு நடந்து போகிற யாத்திரையைக் கொண்டுதான் விளங்கப்படுத்துவேன். எல்லாரும் ஒன்றாகத்தான் நடக்கத் தொடங்குவார்கள். ஒருவர் காணும் தேத்தண்ணிக் கடையெல்லாம் குந்துவார். இன்னொருவர் நிற்காமல் நடப்பார். போய்ச் சேரும் நேரம் ஆளுக்கு ஆள் வேறு. இங்கேயும் அப்படித்தான். மீனை அரைத்து வடித்த சாற்றில் ஒரு துளியை உள்ளே விட்டால், பம்பு அதைத் திரவத்தோடு சேர்த்து, மா போன்ற ஒன்றை இறுக்கி அடைத்த உருக்குக் குழாய்க்குள்ளால் தள்ளும். சாற்றில் உள்ள ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். ஹிஸ்டமின் வரும் நேரத்தில் கணினித் திரையில் ஒரு மலை எழும்பும். மலை உயர்ந்தால் மீன் பழுது.

எங்கள் மெஷினில் முதல் வாரம் எழும்பியது என் இரத்த அழுத்தம் மட்டும்தான். பம்பின் அழுத்தம் ஏறும், விழும், மீண்டும் ஏறும். காரணம் பம்பின் வாயில் இருக்கும் சின்ன வால்வு. அதற்குள் கடுகு அளவில் ஒரு சிவப்பு மாணிக்கக் குண்டு, திரவம் திரும்பி ஓடாமல் வழியை அடைத்துக்கொண்டு இருக்கும். அது அழுக்கில் ஒட்டிப்போய் இருந்தது. கொழும்புப் பொறியியலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த மொடலுக்கு இப்போது யாரும் வேலை செய்வதில்லை, புதிதாக ஒன்று வாங்குங்கள் என்றார். தகரக் கொட்டிலுக்குள் நின்றுகொண்டு அந்தப் புத்திமதியைக் கேட்டேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பம்பைக் கையால் சுற்றியே ஓட்டியிருப்பேன்.

பஜாரில் ஒரு நகைக்கடையில் சங்கிலி கழுவும் தொட்டி இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் அதிர்ந்து அழுக்கைக் கழற்றுகிற தொட்டி. வால்வைப் பொத்திக்கொண்டு போனேன்.

"என்ன தம்பி இது, தோடோ?" என்றார் கடைக்காரர்.

"உள்ளுக்கு மாணிக்கக் கல் இருக்கு அண்ணை. கழுவித் தாங்கோ."

அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "ஆருக்குக் கலியாணம்?"

"பம்புக்கு."

"பொம்பிளை எந்த ஊர்?"

"கொழும்பு. ரெண்டாந்தாரம்."

கழுவித் தந்தார். பம்பு நிமிர்ந்தது. மெஷினில் கசிந்த இடங்களை இறுக்கினேன், இறுக்க முடியாததை மாற்றினேன், மாற்ற இல்லாததைத் திட்டினேன். ஒன்று மட்டும் என் கையை மீறியது. மலையைக் காணும் கண் போன்ற விளக்கு, கிழடு தட்டி மங்கிப்போய் இருந்தது. புது விளக்குக்கு மெஷின் செய்த கம்பனிக்கு எழுதிக் கேட்டோம், பதில் இல்லை. ஆகவே தினமும் காலையில் மெஷினுக்கு அளவு காட்டுவதற்காக விடுகிற சுத்தமான ஹிஸ்டமின் கரைசலைக் கொஞ்சம் கடுமையாகக் கலக்கத் தொடங்கினேன். கண் தெரியாத ஆளுக்கு எழுத்தைப் பெரிதாக எழுதிக் காட்டுவது போல.

ஒழுங்கு இதுதான். முதலில் அளவுக் கரைசல். அடுத்து வெறும் தண்ணீர், முன்னையதில் ஏதும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க. அதன்பிறகே மீன்கள், வந்த வரிசையில். இந்த வெறும் தண்ணீரைத்தான் எங்கள் மனேச்சர் வெட்டினார்.

மனேச்சர் கணக்குப் படித்தவர், வெளியூர்க்காரர், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வருகிறவர். பம்பில் ஓடும் திரவம் லேசில் கிடைக்காது. கொழும்பில் இருந்து போத்தலில் வரவேண்டும். மதவாச்சிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒவ்வொரு போத்தலையும் தூக்கி "மேக்க மொகக்த?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்பான். மீன் சோதிக்கிற மருந்து என்று சொன்னால், மீனுக்கு என்ன வருத்தம் என்பான். பதில் சொல்லும்வரை லொறி நிற்கும். ஒருமுறை முருங்கனில் ஒரு கடையின் பின்புறம் அந்தப் போத்தல்கள் கிழமைக்கணக்கில் அனுமதிக்காகக் காத்துக் கிடந்தன.

"ஐசே, வெறும் தண்ணியைப் போட்டுப் பாக்கிறதுக்கோ இந்தச் சாமானை ஓட விடுறீர்? தண்ணிக்குள்ள மீன் இருக்குதோ எண்டு பாக்கிறீரோ?"

"சேர், அது மெசின் பொய் சொல்லுதோ எண்டு பாக்க."

"மெசின் பொய் சொல்லாது. மனிசர்தான் சொல்லுவினம். நிப்பாட்டும்."

நிறுத்தினேன். அவருக்கு ஒரு பகிடி சொல்லிவிட்டு நிறுத்தினேன். அந்தப் பகிடி இப்போது ஞாபகம் இல்லை. இருந்தால் அதற்காகவும் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

கரையில் ஒரு பெண்கள் சங்கம் இருந்தது. இந்தியாவில் இருந்து திரும்பிய குடும்பங்களும் கரையிலேயே கிடந்து தப்பிய குடும்பங்களும் சேர்ந்தது. சங்கத்துத் தலைவி ஓர் அக்கா. குரல் கோயில் மணியை அமுக்கும். தங்கள் படகு கரை தட்ட முன்னரே ஐஸை உடைத்துப் பெட்டியில் பரப்பி வைத்துக்கொண்டு நிற்பார்கள். மீன் மணலைத் தொடாது. ஓட்டோவில் ஏற்றி, மற்றவர்கள் வலை உதற முன்னர் எங்கள் வாசலில் நிற்பார்கள். எப்போதும் அவர்களுடைய மீன்தான் முதலாவது.

அந்த மீன்தான் பழுது என்று மெஷின் சொன்னது.

முதல்நாள் நான் நம்பவில்லை. மீனின் கண் என்னைவிடத் தெளிவாக இருந்தது. திரையில் மலை நின்றது. அடுத்தநாளும் நின்றது. அதற்கடுத்தநாளும். மற்றவர்களின் மீன், கொஞ்ச நேரம் வெயிலில் கிடந்து வந்தது, சாக்கில் சுற்றி வந்தது, எல்லாம் தட்டையாகத் தேறியது. மறுபடி போட்டுப் பார்க்கட்டுமா என்று மனேச்சரைக் கேட்டேன். "ஒருக்கா சொன்னா மெசின் சொன்னதுதான்" என்றார். அவர் இறங்குதுறைக்கே போனார். மீனை ஏலம் கூறுகிற நேரம், ஊரே நிற்கிற நேரம், ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, சங்கத்து மீன் நஞ்சு, அதைக் கம்பனி இனி எடுக்காது என்றார். அன்று வந்த மீனைக் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். குழியை வெட்டியவர்களும் அந்தப் பெண்கள்தான். ஐஸோடு கொட்டி, சுண்ணாம்பு தூவி மூடினார்கள். அப்படி ஒரு பளபளப்பான மீனை நான் புதைகுழிக்குள் பார்த்ததில்லை.

கம்பனி எடுக்காததை யார் எடுப்பார்? முருங்கனில் இருந்து வருகிற வியாபாரி பெட்டியை மோந்து பார்க்காமலே லொறியைத் திருப்பினான். சங்கத்து மீன் என்றால் சந்தையில் மூக்கைப் பொத்துகிற பகிடி ஒன்று பிறந்தது. பகிடிக்குப் பெயர்போன நான் அதைக் கேட்டபோது சிரிக்கவில்லை.

அக்கா ஆய்வுகூட வாசலுக்கு வந்தார்.

"டேய் தம்பி, உன்ர மெசின் மூக்காலயோ மணக்கிறது, வாயாலயோ?"

"அக்கா, அது மணக்கிறேல்ல. அளக்கிறது."

"அளந்து கிழிச்சது காணும். குண்டு விழேக்க ஓடினம், கடல் தாண்டினம், முகாமில லைன்ல நிண்டு சோறு வாங்கினம். ஒருத்தரும் எங்களை நாத்தம் எண்டு சொல்லேல்ல. நீ சொல்லிப்போட்டாய்."

"நான் சொல்லேல்ல அக்கா…"

"அப்ப ஆர்? உதோ? உதுக்கு வாய் எங்க, காட்டு பாப்பம்."

முகத்தில் வழக்கமான இளிப்பு வந்து நின்றது. அதைப் பார்த்த அக்கா திரும்பிப் போய்விட்டார். ஏசியிருந்தாலாவது பரவாயில்லை.

சங்கத்து மீன் நின்ற பிறகு, இரண்டாவதாக வருகிற சம்மாட்டியின் மீன் முதலாவதாக வந்தது. சம்மாட்டி என்றால் படகுகள், வலைகள், ஐஸ் லொறி, மனேச்சரோடு ஒன்றாகச் சாப்பாடு, எல்லாம் உள்ளவர். அதுவரை ஒரு நாளும் பழுதாகாத அவருடைய மீனில் மலை எழும்பியது. மனேச்சருக்கு அறிவித்தேன். ஓடிவந்தார்.

"இது சரிவராது. உம்மட மெசினில ஏதோ பிழை. திருப்பிப் போடும்."

"மெசின் பொய் சொல்லாது எண்டியள், சேர்."

"ஐசே, விளையாடாதையும். திருப்பிப் போடும்!"

திருப்பிப் போட்டேன். மலை இல்லை. வெறும் தரை. மனேச்சர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் ஏறியது. மெஷினில் பிழை என்று தெரிந்ததால் மட்டுமல்ல. அக்காவின் மீனுக்கு ஒருமுறைதான், சம்மாட்டியின் மீனுக்கு இரண்டுமுறை. அளவு பார்க்கிற இடத்திலும் ஆளைப் பார்த்துத்தான் அளவு. முகாமில் அரிசி அளந்தபோதும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அந்தக் கோபத்தோடுதான் விஷயம் விளங்கியது. பழுது மீனில் இல்லை, வரிசையில் இருந்தது. யார் அளவுக் கரைசலுக்கு அடுத்ததாக வருகிறாரோ அவருடைய மீன்தான் பழுதாகிறது. கடுமையாக நான் கலந்த கரைசலில் ஒரு மிச்சம் எங்கேயோ ஒளிந்து கிடந்து, அடுத்து வருகிறவரோடு கூட்டாக வெளியே வருகிறது. அது வெளியேறியதும் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் சுத்தம். விடிய எழுந்து ஐஸ் உடைத்து முதலாவதாக ஓடிவந்த பெண்களுக்குக் கிடைத்த பரிசு அது. பிந்தி வந்திருந்தால் தப்பியிருப்பார்கள்.

மறுநாள் காலை அக்காவை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். எதை அளக்கப் போகிறேன் என்று சொல்லாமல் மனேச்சரையும் கூப்பிட்டேன். அவர் கதிரையில் உட்கார்ந்ததும் வழக்கம்போலத் தன் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்தார். அவர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது அதில் கொஞ்சம் எடுத்து வடித்துக்கொண்டேன். அளவுக் கரைசலை விட்டேன், மலை எழும்பி இறங்கியது. அடுத்து அந்தத் தண்ணீரை விட்டேன். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஹிஸ்டமின் வரும் நேரத்தில் கோடு நிமிர்ந்தது.

"பாத்தீரே!" மனேச்சர் அக்கா பக்கம் திரும்பினார். "இப்ப உம்மட கண்ணாலயே பாத்தீர்தானே? நாறல் மீன். இனி என்ன சொல்லப் போறீர்?"

"சேர், அது அக்கான்ர மீன் இல்ல."

"அப்ப ஆற்ற?"

"உங்கட தண்ணிப் போத்தல்."

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் முன்னால் வைத்தார்.

"குடியுங்கோ. நஞ்செண்டால் புதைக்க ஆக்கள் இருக்கினம். எங்களுக்குப் பழக்கம்."

மனேச்சர் குடிக்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். குரலை இறக்கினார். சரி, தவறு நடந்துவிட்டது, சங்கத்து மீனை நாளை முதல் எடுக்கலாம், ஒரு சின்ன மாற்றம், கொஞ்சம் பிந்திக் கொண்டுவாருங்கள், வேறு யாரையாவது முன்னால் விடுவோம், இதைப் பெரிதாக்கத் தேவையில்லை, கொழும்புக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் கரைச்சல் என்றார்.

"மைக் பிடிச்சுச் சொன்னதைக் கதவைச் சாத்திப்போட்டோ திருப்பி எடுக்கிறியள்?" என்றார் அக்கா. "சந்தையில எங்கட மீனைக் கண்டு மூக்கைப் பொத்திறவங்களின்ர காதுக்கு இந்தக் கதவு திறக்குமோ? எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்கோ. பிந்தியும் வரமாட்டம். நாங்கள் எப்பவும் வாற நேரத்துக்குத்தான் வருவம்."

போய்விட்டார்.

நான் மெஷினைக் கழற்றினேன். துளியை உள்ளே விடுகிற இடத்தில் கைபிடி போட்ட ஒரு வால்வு உண்டு. அதற்குள் காசு அளவில் ஒரு கறுப்பு வில்லை, மெல்லிய வாய்க்கால்கள் வெட்டியது. அதைத் திருப்பும்போதுதான் பாதை மாறும். வில்லையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு வாய்க்காலில் இருந்து அடுத்ததுக்கு உழவு சால் போலக் கீறல்கள். கறண்ட் போய்ப்போய் வந்த நாட்களில் திரவத்தில் இருந்த உப்புக் காய்ந்து மணியாகி, கைபிடியைத் திருப்பத் திருப்ப அரைத்திருக்கிறது. அந்தக் கீறல்களுக்குள்தான் மிச்சம் பதுங்கிக் கிடந்தது. வெறும் தண்ணீர் விட அனுமதித்திருந்தால் முதல் நாளே அகப்பட்டிருக்கும்.

புது வில்லைக்கு எங்கே போவது? கடைசியாக மெஷினைத் தந்த ஆய்வுகூடத்துக்கே தொலைபேசி எடுத்தேன். எடுத்தவர் மரியாதையான ஆள். அந்த மெஷினின் உதிரிப்பாகப் பெட்டி அலுமாரிக்குள் அப்படியே இருக்கிறது என்றார். வில்லையும் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது, உறைகூடப் பிரிக்கவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். மெஷினைத் தரச் சொல்லித்தான் உத்தரவு வந்தது, பெட்டியை யாரும் கேட்கவில்லை என்றார். நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடி பித்தளைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரிடம் சொல்ல வந்த வார்த்தைகளுக்குச் சிங்களம் எனக்குத் தெரியாமல் போனது இருவருக்கும் நல்லது.

பெட்டி பஸ்ஸில் வந்தது. வில்லையை மாற்றினேன், விளக்கை மாற்றினேன், கரைசலைப் பழைய மட்டத்துக்கு இறக்கினேன். வெறும் தண்ணீர் விட்டேன். கோடு படுத்தே கிடந்தது.

மனேச்சர் இறங்குதுறைக்கு என்னை அனுப்பினார். "நீர்தானே மெசின்காரன், நீரே போய்ச் சொல்லும்." போனேன். ஒலிபெருக்கியைப் பிடித்து, சங்கத்து மீன் நல்ல மீன், பிழை எங்களுடையது, மனேச்சரின் தண்ணீர்ப் போத்தலும் நாறியது என்று சொன்னேன். கரை முழுதும் சிரித்தது. ஒருவர் கைதட்டி, "இன்னொண்டு விடடாப்பா!" என்றார். எத்தனையோ பகிடி விட்டு நானே கட்டிய கோட்டைக்குள் நின்றுகொண்டு உண்மையைக் கத்தினேன். கத்தக் கத்தச் சிரித்தார்கள். ஒலிபெருக்கியை மணலில் எறிந்துவிட்டு மனேச்சரின் கந்தோருக்குப் போனேன். அவர் வந்து சொல்லும்வரை ஒரு மீனும் அளக்கமாட்டேன், சம்மாட்டியின் மீன் உட்பட, என்றேன். பகிடி என்று நினைத்து முதலில் அவரும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். வெளியே சம்மாட்டியின் லொறி அளவுக்காக நின்றது. அதனால் எழும்பினார், எனக்காக அல்ல.

இறங்குதுறையில் கடலைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "சில தொழில்நுட்பக் காரணங்களால்…"

"அப்பிடியெண்டால்?" என்றார் அக்கா. "இஞ்சால திரும்பிச் சொல்லுங்கோ."

திரும்பினார். "மெசின் பிழையாச் சொல்லிப்போட்டுது."

"மெசினோ மைக் பிடிச்சது?"

கரையில் சிரிப்பு நின்றது. ஏலம் கூறுகிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"நான்தான்," என்றார் மனேச்சர். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"மீன்?"

"நல்ல மீன்."

"பின்னால நிக்கிறவைக்குக் கேக்கேல்ல."

"நல்ல மீன்!" வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

அக்கா நன்றி சொல்லவில்லை. முருங்கன் வியாபாரி தன் லொறிக் கதவைத் திறந்து இறங்கி வந்தான், பெட்டிக்கு அருகில் போய்க் குனிந்தான். "இண்டைக்கு உங்களுக்கு இல்ல," என்று அக்கா பெட்டியை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போய் முதல்ல மெசினில உன்ர தண்ணியை விடு. நாங்கள் அதுக்குப் பின்னால வாறம்."